கடைசி இருபது நிமிடம்

காலை ஏழு பத்து வண்டியின் கண்டக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘தியேட்டர்’. கல்குவாரி ஊரிலிருந்து கோர்ட் இருக்கும் பெரிய ஊருக்கு இரண்டு மணி நேர ஓட்டம். டிரைவரின் தலைக்கு மேலே ஒரு டிவி, அதன் முதுகில் ஒரு பென்டிரைவ், அதற்குள் நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றும் பழிவாங்கும் படங்கள்.

மற்றதைப் போட்டுப் பார்க்காமல் இல்லை. காதல் படம் போட்டபோது பாதி வண்டி தூங்கியது. சிரிப்புப் படம் போட்டால் பின்சீட்டுக்கு வசனம் கேட்கவில்லை. முன்னால் சிரிக்கிறவர்களைப் பார்த்து பின்னால் இருந்தவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. பழிவாங்கும் படத்துக்கு வசனமே வேண்டியதில்லை. எஞ்சின் இரைச்சலை மீறி அடி காதில் விழும். பத்து மணிக்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்கப்போகிற நாற்பது பேருக்கு, யாரோ ஒருவன் திருப்பி அடிப்பதைப் பார்ப்பதில் ஒரு தெம்பு.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தியேட்டர் கறார் பேர்வழி. “வில்லன் முதல் அரை மணிக்குள்ள ஒரு தடவையாவது வாய்விட்டுச் சிரிக்கணும். ஹீரோ இடைவேளை வரைக்கும் பொறுத்துப் போகணும், சட்டுனு கை ஓங்கிட்டான்னா அப்புறம் படத்துல என்ன இருக்கு? கடைசியா, துப்பாக்கி தூக்கற படமெல்லாம் சோம்பேறிப் படம். ஆசாரின்னா ஆணியால பழிவாங்கணும், நர்ஸுன்னா ஊசியால. அப்பதான் பாக்கறவனுக்கு நம்பிக்கை வரும்.” வாடிக்கைப் பயணிகள் படங்களை அதனால் அப்படியே சொல்வார்கள்: ஆணிப் படம், நர்ஸ் படம், கிணத்துப் படம்.

ஒரே ஒரு குறை. படங்கள் இரண்டு மணி இருபது நிமிடம். ஓட்டம் இரண்டே மணி நேரம். கடைசி வில்லன் சரியவும் வண்டி பேருந்து நிலையத்துக்குள் திரும்பவும் சரியாக இருக்கும். டிரைவர் எஞ்சினை நிறுத்துவார், திரை கறுத்துவிடும். அதற்குப் பிறகு வரும் இருபது நிமிடத்தை அந்த வண்டியில் யாரும் பார்த்ததில்லை. தியேட்டரும் பார்த்ததில்லை. வீட்டு டிவி அவர் மனைவியின் ஆட்சியில் இருந்தது.

ஆனால் இறங்கும்போது யாராவது “அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவன்தான் அந்த வெல்டர். ஒரு வியாழக்கிழமை முதல் தடவையாக ஏறினான். முழங்கை வரை பொட்டுப் பொட்டாகத் தீப்பொறித் தழும்பு. கையில் ஒரு ரெக்சின் பை. கீழே வைத்தபோது இரும்புச் சத்தம். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்தான். அன்று ஓடியது ஆணிப் படம். மற்றவர்கள் விசிலடித்தார்கள், இவன் கண் கொட்டாமல் பார்த்தான். இறங்கும்போது படியில் நின்றான்.

“அந்த ஆசாரிக்கு அப்புறம் என்ன ஆகும் சார்?”

“என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. மறுநாள் பட்டறையைத் திறப்பான். சனங்க வரிசைல நின்னு கட்டில் செய்யச் சொல்லிக் கேக்கும்.”

“போலீசு?”

“போலீசே ஒரு கட்டில் கேக்கும்!” என்றார் தியேட்டர். அவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினான்.

அடுத்த வியாழன் நர்ஸ் படம். நர்ஸுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிடும் என்றார் தியேட்டர். அதற்கடுத்தது கிணத்துப் படம். தன் அண்ணனைக் கொன்றவனைக் கிணற்றில் தள்ளியவன், அன்று ராத்திரி ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மரக்கட்டை மாதிரி தூங்குவான் என்றார். “நெஜமாவே தூங்குவானா?” என்று கேட்டான் வெல்டர். “குறட்டை சத்தத்தோட படம் முடியுது,” என்றார் தியேட்டர். தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் அன்று முழுவதும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வியாழக்கிழமைதான் டைப்பிஸ்ட் அக்கா சொன்னாள். அவள் கோர்ட்டில் தட்டச்சுப் பிரிவு. பத்து வருடமாக இதே வண்டி, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டு.

“தியேட்டரு, ரெண்டாவது வரிசைல அம்மாவும் பையனும் உக்காந்திருக்காங்களே, தெரியுமா?”

தெரியும். அவர்களும் வியாழக்கிழமை ஆட்கள். தேய்த்த சட்டை போட்ட வாலிபன் ஜன்னலோரம். மடியில் காகிதக் கட்டோடு அம்மா இந்தப் பக்கம்.

“குவாரில கல்லு உடைக்கற மிஷின்ல ஒருத்தன் செத்தானே, உள்ள ஆள் இறங்கி நிக்கும்போது சுவிட்ச போட்டதா கேஸு. போட்டது இந்தப் பையன்தான். தெரியாம போட்டேன்கறான். முந்தின நாள் ரெண்டு பேருக்கும் கைகலப்பு, அதனால வேணும்னே போட்டான்கறாங்க அவங்க.”

“அவங்கன்னா?”

“செத்தவனோட அண்ணன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அவர்தான் வளத்தாராம். உங்க வண்டிலதான் வராரு. கை முழுக்கத் தழும்பு, பாத்திருப்பீங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அடுத்த வியாழன் தீர்ப்பு. சாட்சி ஒண்ணும் நிக்கல. விட்ருவாங்கன்னு பேசிக்கறாங்க.”

தியேட்டர் திரும்பிப் பார்த்தார். வெல்டர் நாலாவது வரிசையில் இருந்தான். போன வாரம் ஆறாவது. அதற்கு முன் எட்டோ ஒன்பதோ. பின்னால் சீட்டு காலியாக இருந்தும், வாராவாரம் அவன் முன்னேறி வந்திருந்தான். திரையில் ஒருவன் இன்னொருவனைச் சுவரோடு வைத்து அடித்துக்கொண்டிருந்தான். தேய்த்த சட்டைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். வெல்டர் திரையைப் பார்க்கவில்லை. சிரிப்பில் குலுங்கிய அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இறங்கும்போது வெல்டர் வழக்கம்போல் கேட்டான். தியேட்டர் டிக்கெட் பையைத் துழாவினார். “சரியா ஞாபகமில்லையே,” என்றார்.

“பரவால்ல. உங்களுக்கே தெரியாத முடிவு எங்க இருக்கப்போவுது?” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

டிரைவர், தியேட்டரின் மனைவிக்குத் தம்பி. டீ குடிக்கும்போது தியேட்டர் அவனிடம் விஷயத்தைச் சொன்னார்.

“போலீஸ்ல சொல்லிடுங்க மாமா.”

“என்னன்னு சொல்றது மாப்ள? ஒருத்தன் சீட்டு மாறி மாறி உக்கார்றான்னா? படத்துல அப்புறம் என்னாச்சுன்னு கேக்கறான்னா?”

“படம் போட்டது நீங்க. அதையும் சேத்துச் சொல்லணும்.”

“அதைத்தான்டா நானும் நினைச்சிக்கிட்டிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென்டிரைவைக் கொண்டுபோய் வீட்டு டிவியில் செருகினார்.

“ஆறு நாள் பஸ்ல பாக்கறது பத்தலையா?” என்றாள் மனைவி.

“முடிவு பாக்கணும்.”

“இவ்வளவு நாள் பாக்காமயா ஊருக்கெல்லாம் கதை சொன்னீங்க?”

வெல்டர் முடிவு கேட்ட படங்களை ஒவ்வொன்றாகக் கடைசி இருபது நிமிடத்துக்கு ஓட்டினார். ஆசாரி பட்டறையைத் திறக்கவில்லை. அவன் வீட்டுக் கதவை அவன் மனைவியே உள்ளிருந்து தாழிட்டாள். அவன் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், படம் முடிந்தது. நர்ஸ் நரைத்த தலையோடு ஜெயில் கம்பிக்குப் பின்னால், யாருக்கோ ஊசி போடுவதுபோல் வெறும் காற்றில் விரலை அழுத்திக்கொண்டிருந்தாள். கிணத்துப் படம்தான் அவரை உட்கார வைத்தது. கிணற்றில் விழுந்தவன் கொலையே செய்யவில்லை. வேறொருவன் வந்து அதைச் சொல்கிறான். ஹீரோ கிணற்றடியில் உட்கார்ந்து, உள்ளே குனிந்து, “ஏறி வாடா, ஏறி வாடா” என்கிறான். குறட்டை எதுவும் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று படத்தையும் பார்த்தவர் என்று ஊருக்குள் பெயர். ஒரு படத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்திருக்கவில்லை.

தீர்ப்பு நாள். வெல்டர் ஏறினான், அதே ரெக்சின் பை. நேராக மூன்றாவது வரிசைக்கு வந்து, தேய்த்த சட்டைக்காரனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். அந்தத் தாய் மடியிலிருந்த காகிதக் கட்டை இறுக்கிப் பிடித்தாள், திரும்பவில்லை.

தியேட்டர் கிணத்துப் படத்தைப் போட்டு, கடைசி இருபது நிமிடத்துக்கு ஓட்டினார்.

வண்டிக்குள் ரகளை. “யோவ் தியேட்டரு, தலைகீழா ஓட்டறியா?” “பந்தி முடிஞ்சு இலை எடுக்கறப்ப கூப்பிடற கணக்கா இருக்கு!” “சண்டைய காட்டு சாமி, எனக்கு இன்னிக்கு மேனேஜரப் பாக்கணும்!”

“இன்னிக்கு இப்படித்தான். பிடிக்காதவங்க ஜன்னல்ல பாருங்க.”

முதலில் கத்தியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். ஹீரோ கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டபோது எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. முடிந்ததும் ஒருவரும் விசிலடிக்கவில்லை. “காலங்காத்தால இதெல்லாம் தேவையா?” என்றது ஒரு குரல். தியேட்டர் டிவியை அணைத்துவிட்டு, வெல்டர் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நான் சொன்னது அத்தனையும் பொய். குறட்டை, கட்டில், வேலை எல்லாமே. அந்தக் கடைசி இருபது நிமிஷத்தை நானே போன ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன். மன்னிச்சிடுங்க.”

வெல்டர் முன் சீட்டின் கம்பியில் கை வைத்திருந்தான். அந்தப் பிடரிக்கும் அவன் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“எனக்கு முதல்லயே தெரியும் சார். முதல் வாரமே வீட்டுக்குப் போயி ஃபோன்ல அந்த ஆணிப் படத்தை முழுசா பாத்தேன். மத்ததையும் பாத்தேன்.”

“அப்ப ஏன் வாராவாரம் என்னைக் கேட்டீங்க?”

“நீங்க சொல்ற முடிவு நல்லாயிருந்தது. கேட்டுட்டுப் போனா ரெண்டு நாள் தூக்கம் வந்தது.” குரலை மாற்றாமல் சொன்னான்: “போன வாரம் நீங்க சொல்லல. அதுலேந்து தூக்கமில்ல.”

சாவைத் தூண்டிவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருந்த தியேட்டருக்கு, தான் நிறுத்திய பொய்தான் இவனை இதுவரை நிறுத்தி வைத்திருந்ததோ என்று தோன்றியது. இப்போது அதையும் அவரே தன் வாயால் உடைத்துவிட்டார்.

ஒன்பது பத்துக்கு வண்டி நிலையத்துக்குள் திரும்பியது. தாயும் மகனும் எழுந்தார்கள். வெல்டரும் எழுந்தான். தியேட்டர் நடைவழியில் கையை நீட்டி மறித்தார்.

“பைய வெச்சிட்டுப் போங்க.”

ஒரு வாதமும் இல்லாமல் கொடுத்தான். கனத்தது. திறந்து பார்த்தார்: சுத்தியல், வெல்டிங் கண்ணாடி, தோல் கையுறை. பட்டறைக்குப் போகிறவனிடம் இருக்கவேண்டியவை, அவ்வளவுதான். தலையை நிமிர்த்துவதற்குள் வெல்டர் இறங்கி, அவர்களுக்குப் பத்தடி பின்னால், அவர்கள் நடைக்கு நடை சரியாக நடந்துகொண்டிருந்தான். வெறுங்கை. அந்த வெறுங்கையைப் பார்த்துத்தான் தியேட்டருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டுக் குதித்து ஓடினார். “மாமா, ஒன்பதரைக்கு வண்டி எடுக்கணும்!” என்று மச்சினன் கத்தினான். தியேட்டர் ஓடிப்போய் மகனுக்கும் வெல்டருக்கும் நடுவில் நுழைந்து, மூச்சிரைக்க நடந்தார். முன்னால் தேய்த்த சட்டை, பின்னால் செருப்புச் சத்தம்.

“இன்னிக்கு நடுவுல நடப்பீங்க,” என்றான் வெல்டர் பின்னாலிருந்து. “நாளைக்கு?”

முன்னால் போன தாய் நிற்காமலே தலையைச் சற்றுத் திருப்பினாள்.

“நீங்க இப்பதான் பாத்தீங்களா? ஆறு வாரமா ஒவ்வொரு வரிசையா அவர் வர்றத நான் எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வேற வண்டி இல்லையே. கொஞ்சம் கிட்ட வந்து நடங்க.”

முந்தின இரவு மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டும்போது மகனின் கால் தடுமாறியது. அப்போதுதான் தியேட்டர் கவனித்தார்: வண்டியில் வாய்விட்டுச் சிரித்தவனின் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது, காலர் நுனி விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

கோர்ட் வாசலில் காவலர் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். தாயும் மகனும் போனார்கள். வெல்டர் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான். காவலர் சட்டைப் பை, இடுப்பு, கணுக்கால் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையசைத்தார்.

வெல்டர் உடனே உள்ளே போகவில்லை. கையை மெதுவாக இறக்கிவிட்டுத் தியேட்டர் பக்கம் திரும்பினான்.

“அவனை விட்டுட்டாங்கன்னா அஞ்சே கால் வண்டிலதான் திரும்புவாங்க. அதுவும் நீங்கதானே?”

“நான்தான்.”

“என்ன படம்?”

“படம் போடமாட்டேன். இனிமே எதுவும் போடமாட்டேன்.”

பேருந்து நிலையத்தின் பக்கமிருந்து மச்சினன் விட்டு விட்டு ஹாரன் அடிப்பது கேட்டது.

“அப்ப ரெண்டு மணி நேரமும் அவன் முதுகைத்தான் பாத்துக்கிட்டு வரணும்,” என்று சொல்லிவிட்டு வெல்டர் படியேறி உள்ளே போனான்.