அப்படியே தூக்கி வைத்த குரல்

மெஹபூப் பாஷாவுக்குத் தொண்டைதான் கடை. பாண்டி பஜாரில் கைப்பை விற்றவர்கள் நிறையப் பேர். வேடிக்கை பார்க்க வந்தவளை வாங்கவைத்து, வாங்கியவளை இன்னொன்றும் எடுக்கவைத்து, இரண்டு பேரையும் சிரிக்கச் சிரிக்க அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அந்தத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். பாதியையாவது விடுங்கள் என்று குறைத்துக் கேட்டுப் பார்த்தார். டாக்டர்கள் ஒரே விலைக் கடைக்காரர்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், அவர் மனைவி ஜைதூன் பீயின் அக்கா மகன் ஜீஷான் ஒரு லேப்டாப்போடு வந்தான். அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். பாஷா கடையில் பேசுவதையெல்லாம் அவர் குரலிலேயே பதிந்து, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பொத்தான் என்று கட்டிக் கொடுத்தான். பொத்தானைத் தட்டினால் பாஷா பேசுவார். வியாபாரிக்குப் புத்தி எங்கே போகும்? விற்கிற சரக்கைத்தானே அடுக்குவான். கூப்பிடுகிற பேச்சு, பேரப் பேச்சு, கோபித்துக்கொள்வது, சமாதானமாவது என்று கீபோர்டு நிறையப் பதிந்தார். வீட்டுக்கென்று ஒன்றும் பதியவில்லை. வீட்டில் பேச்சுக்கு என்ன தேவை? புருவம் ஏறினால் டீ, உள்ளங்கை கவிழ்ந்தால் சோறு போதும். ஜைதூன் பீ கண்ணாலேயே கேட்டுவிடுவாள்.

அந்தக் கணக்கு பல வருஷம் நஷ்டமில்லாமல் ஓடியது. பையின் விலை ஏறினாலும் லேப்டாப் பழைய விலையையே கூவிக்கொண்டிருக்கும். பாஷா பக்கத்தில் நின்று விரலைக் காட்டி ஏற்றிக்கொள்வார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

பிறகு ஜைதூன் பீயின் சர்க்கரை அவள் கண்ணில் இறங்கியது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். மிச்சமும் நிற்கவில்லை. உங்கள் முகம் இருக்கிற இடத்தில் புகை மாதிரி என்னவோ தெரிகிறது என்றாள் அவள். அந்தப் புகைக்குள் நின்று பாஷா புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு லேப்டாப்பும் சூடேறி, பாதிப் பேச்சில் அணைய ஆரம்பித்தது.

ஜித்தாவில் வேலையிலிருந்த ஜீஷானுக்கு ஜைதூன் பீ போன் போட்டாள். கல்லூரி நாளில் விளையாட்டாகச் செய்தது, எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை என்றான் அவன். பதிந்ததை மட்டும் எடுத்துப் போனால் பொத்தான் வேலை செய்யாது. விண்டோஸோடு சேர்த்து மொத்தத்தையும் அப்படியே தூக்கி வேறு மிஷினில் வைக்கச் சொல்லுங்கள் என்றான்.

அவர்கள் வீடு இருந்த சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பாலம் தாண்டினால் ரிச்சி தெரு. இருவரும் போனார்கள். அங்கே பழைய லேப்டாப் விற்கிற தணிகாசலம், ஜைதூன் பீ சொன்ன முழுக்கதையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பாய், குடித்தனக்காரன கட்டிலோட தூக்கி வேற வூட்ல வெக்கிற மாதிரி வேல இது. அவன் சட்ட மாட்டுற ஆணி புது வூட்ல இருக்காது. பேசாம புதுசா போட்டுக்கோ. நீ டைப் அடிச்சா அதுவே தமிழ்ல பேசும்."

தன் கம்ப்யூட்டரைப் பாஷாவின் பக்கம் திருப்பி வைத்தான். எந்தச் சொல்லானாலும் பேசுமா? பாஷா கீபோர்டின் மேல் குனிந்தார். எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். செய்தி வாசிப்பவனைப் போல ஒரு குரல் திருத்தமாகச் சொன்னது: "ஜைத்து, நான் இங்கேதான் இருக்கிறேன்."

ஜைதூன் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். யார் வந்திருப்பது என்று கேட்டாள். மிஷின்தான் பேசுகிறது என்று தணிகாசலம் விளக்கியதும் பாஷா இருந்த பக்கம் திரும்பினாள்.

"வேணாங்க. யாரோ ஒரு ஆம்பள வூட்டுக்குள்ள நின்னு என்னப் பேர் சொல்லிக் கூப்புட வேணாம். உங்க குரல்தான் வோணும். அது இன்னா பேசினாலும் சரி."

அன்றைக்குப் பாஷா பேரம் பேசவில்லை. தணிகாசலம் கேட்காமலே விலையைக் குறைத்தான். பேரம் பேசாத பாயைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

பழைய டிஸ்கில் இருந்ததை அச்சு மாறாமல் புது டிஸ்கில் இறக்கி, வேறு லேப்டாப்பில் பொருத்தினான். கோளாறைச் சொல்லும் நீலத்திரை வந்து நின்றது. அணைத்தான், உள்ளே போய் எதையோ மாற்றினான், மறுபடி போட்டான். இந்தத் தடவை வந்துவிட்டது. திரையில் அதே பச்சைப் புல்வெளிப் படம், அதே இடத்தில் அதே கட்டங்கள், மூலையில் ஜீஷான் வைத்த அதே கடிகாரம். பாஷா ஒரு பொத்தானைத் தட்டினார். சத்தமில்லை. இன்னொன்றைத் தட்டினார். திரையில் அதற்கான கட்டம் மினுங்கியது, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் ஜைதூனைக் கூப்பிடப் பார்த்தாரே, அன்றும் இப்படித்தான். உதடு, நாக்கு, பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"பதறாத பாய். குரல் உள்ளதான் கீது. இந்த மிஷின்ல சவுண்டு வேற மாரி, அதுக்குண்டானத போடணும்," என்றான் தணிகாசலம். நெட்டில் தேடினான். முதலில் இறக்கியது ஒத்துவரவில்லை, அடுத்ததும் இல்லை. ஜைதூன் பீ ஸ்டூலில் உட்கார்ந்து தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று பாஷாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது:

"இன்னாம்மா, தூக்கிப் பாத்துட்டு வெச்சுட்டுப் போறே? பை அழுவுது பாரு!"

எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். தணிகாசலம் சிரித்துவிட்டான். ஜைதூன் பீ எழுந்து, தடவிக்கொண்டே வந்து, லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள்.

"இதுல எங்கியாவது என் பேரச் சொல்லிக்கீறீங்களா?"

பாஷா தலையை அசைத்தார். அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றாள். தணிகாசலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திருப்புளியைப் பெட்டிக்குள் தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டு, "இல்லேன்றாரு, பாயம்மா," என்றான்.

"பரவால்ல," என்றாள் அவனிடம்.

வீட்டில் அடுப்படியிலிருந்து அவள் கேட்பாள்: "ஏங்க, இருக்கீங்களா?" முன்பெல்லாம் கை தட்டுவார், தட்டினால் இப்போது திடுக்கிடுகிறாள். பாஷா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான் பொத்தானாகத் தேடினார். எல்லாம் சரக்குதான். ஒன்றே ஒன்றில், பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால், அவர் தொண்டையைச் செருமியிருந்தார். ஜீஷான் அதை வெட்ட மறந்திருக்கிறான். செருமல் முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டால், சரக்குப் பேச்சு வெளியே வராது.

அதைப் பழகிக்கொண்டார். அவள் கேட்பாள், அவர் செருமுவார். அவள் மீன்காரி ஏமாற்றியதையும் மாத்திரை கசப்பதையும் சொல்லிக்கொண்டே போவாள். நடுவில் குரல் தயங்கும்போது அவர் இன்னொரு தடவை செருமுவார்.

ஒரு நாள் மத்தியானம் விரல் பிந்திவிட்டது. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் பாஷாவின் பழைய குரல், பஜார் முழுக்கக் கேட்கிற குரல், அந்தச் சின்ன அறையில் கூவியது:

"வாம்மா வா, இன்னா வோணும் சொல்லு, எடுத்துக் குடுக்கறேன்!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒண்ணும் வேணாங்க," என்றாள் ஜைதூன் பீ. "சும்மாதான் கூப்புட்டேன்."