வால் முனையின் ஆறு எழுத்துகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மௌனி என்று பேர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவாள். ஒரு காய்ச்சல் வைரஸை நகலெடுக்கும் நொதியை ஆராய்வது அவள் வேலை. அந்த வைரஸின் ஆர்.என்.ஏ. வேதி எழுத்துகளைக் கோத்த நீண்ட நூல் மாதிரி. நொதி கண்ட இடத்தில் நகலெடுக்கத் தொடங்காது. நூலின் வால் முனையில் இருக்கும் ஆறு எழுத்துகளைத் தொட்டுப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று தெரிந்த பிறகே ஆரம்பிக்கும். மௌனி அந்த ஆறையும் வெட்டிவிட்டு, மீதி நூலை எட்டுத் தட்டுகளில் வளர்த்த செல்களுக்குள் செலுத்தினாள். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரம்தான் உறைபெட்டிப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொன்னார் துறைத்தலைவர். வைரஸ் வந்த இடம் என்ற பத்தியில் பெயர் இல்லை. தேதி, வார்டு, படுக்கை எண் பதினேழு. அதே தேதியில் மௌனியின் அண்ணன் உயிர்விட்ட படுக்கை. அன்று காலை நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தபோது, நடுங்கிய அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டவள் மௌனிதான்.

"சார், இது எங்க அண்ணன்கிட்ட எடுத்தது. உங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்கு நம்பர்தாம்மா வரும்." பதிவேட்டை மூடிவிட்டு, "வேற வைரஸுக்கு மாத்திக்கிறியா?" என்றார்.

"இதை முடிச்சிடறேன், சார்."

ஒன்பதாம் நாள் ஐந்தாம் தட்டில் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. வெட்டாத வைரஸ் எங்கிருந்தோ கலந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கலந்தால் கண்டுபிடிக்க, வெட்டிய நூலின் நடுவில் ஓர் எழுத்தை அடையாளமாக மாற்றி வைத்திருந்தாள். படித்துப் பார்த்தாள். அடையாளம் அப்படியே இருந்தது; இது வெட்டிய வைரஸேதான். வால் முனையில் ஆறு எழுத்துகளும் அதே வரிசையில் திரும்பி வந்திருந்தன. நொதிகள் அபூர்வமாக முனையை ஒட்டுப்போட்டுக்கொள்ளும் என்று அவள் படித்திருக்கிறாள். இருந்தும் இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போய்ப் படுக்கை எண்ணைப் பற்றிச் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே கேட்ட அண்ணி, பாதியில் நிறுத்தினாள்.

"அவரு அதுல இருக்காரா?"

"அண்ணனோடது எதுவும் இல்ல, அண்ணி. அவனைக் கொன்னதுதான் இருக்கு."

"அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு. அது மட்டும் இன்னும் சாகலையா?"

மௌனி ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"அதை நிறுத்தத்தானே நீ வேலை பாக்குற?"

"வெட்டிப் பாத்தேன். மறுபடி முளைச்சிருச்சு."

அண்ணி ஒரு சட்டையை உதறினாள். "அப்போ இன்னும் நீளமா வெட்டு."

மறுநாள் அறுபது எழுத்துகளை வெட்டினாள். பன்னிரண்டு தட்டுகள். செல்களைப் புதிது புதிதாக மாற்றி ஒரு மாதம் பார்த்தாள். எதுவும் முளைக்கவில்லை. துறைத்தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்து, தட்டுகளைச் சூட்டில் அழித்துவிடச் சொன்னார்.

மௌனி இன்னும் ஒரு வாரம் கேட்டாள். அது முடிந்ததும் இன்னொரு வாரம் கேட்டாள். தினமும் காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் தட்டுகள் இருக்கும் இன்குபேட்டர் முன்னால் போய் நிற்கிறாள். முளைத்திருக்க வேண்டுமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை; கதவைத் திறக்க மட்டும் சற்று நேரம் பிடிக்கிறது.