பூபாலனின் கிரவுண்டு

கே.ஜி.கண்டிகையில் எல்லாரும் கழனி என்று சொல்வதைப் பூபாலன் மட்டும் கிரவுண்டு என்பான். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பாதவன். அந்த ஆட்டத்தால் கம்பெனி வேலை கிடைத்தது. வயிற்றைக் கட்டிச் சம்பளத்தைச் சேர்த்து, அப்பா கூலிக்கு நாற்று நட்ட அதே நிலத்தை வாங்கினான்.

அவன் பேச்சு மனைவி ஷாலினிக்குச் சிரிப்பாக இருக்கும். பக்கத்து நிலத்துப் பரந்தாமனுக்கோ மனை போட்டு விற்கிற தொழில். அவருக்குக் கிரவுண்டு என்றால் மனைக் கணக்கு.

“எத்தினி கிரவுண்டு தேறும் பூபாலா?”

“ஒரே கிரவுண்டுதாங்க. அதுல நான் ஆடிகினு இருக்கேன்.”

முதல் போகம் முற்றித் தலை சாய்ந்தது. அறுப்பு மிஷின் வந்த அன்று பூபாலன் நிலத்துக்கு இருந்த ஒரே வழியான தன் பாதையின் குறுக்கே பரந்தாமன் டிராக்டரை நிறுத்திவிட்டார். மிஷின் போனால் பாதை அமுங்கிவிடுமாம். ஆள் வேண்டுமானால் நடந்து போகலாமாம். மிஷின்காரன் திரும்பிப் போய்விட்டான். மலைக்கு அப்பால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் அறுக்காவிட்டால் கதிர் சேற்றில் படுத்து முளைத்துவிடும். கைக்காசெல்லாம் பயிரில் போட்டாயிற்று, இது போனால் நிலத்தைப் பரந்தாமனுக்கே விற்க வேண்டியதுதான் என்றாள் ஷாலினி.

பூபாலன் பழைய அணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டான்: நாளைக்குக் காலையில் எல்லாரும் கிரவுண்டுக்கு வந்துடுங்கடா, மானப் பிரச்சினை.

மறுநாள் வெயில் ஏறியும் ஒருவரும் வரவில்லை. ஷாலினி அக்கம்பக்கத்துப் பெண்களோடு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்போது போன் அடித்தது. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் சைமன்.

“டேய், டிராயர் போட்டுகினு ஸ்கூல் கிரவுண்டுல நிக்கிறோம். எதிர் டீம் எங்கடா?”

ஷாலினி போனைப் பிடுங்கினாள். “மானத்துல வந்துகினு இருக்குண்ணா. நிமிர்ந்து பாருங்க. ஆட்டம் எங்க கழனியில.”

ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். தொப்பையைத் தாண்டிப் பழைய பனியன் இறங்கவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் வரப்பிலேயே வழுக்கினான். ஆனால் பாதிப் பேர் கூலி வீட்டுப் பிள்ளைகள். அரிவாள் கைக்கு வந்ததும் உடம்பு தானாகக் குனிந்தது. கீழண்டைப் பக்கம் ஆண்கள், மேலண்டைப் பக்கம் பெண்கள். பெண்கள்தான் முந்தினார்கள். அதை ஷாலினி அன்று முழுக்கச் சொல்லிக்காட்டினாள்.

கட்டுகளைத் தலையில் ஏற்றி, டிராக்டரை ஒதுங்கிக் கடந்து, ரோட்டோரம் தகரம் போட்ட களத்துக்கு வரிசையாகப் போனார்கள். சைமன் மூச்சு விடாமல் கபடி பாடிக்கொண்டே நடந்தான். பரந்தாமன் பார்த்தபடி நின்றார். ஆள் நடக்கலாம் என்பது அவரே சொன்ன சொல்.

கடைசிக் கட்டு களத்தில் விழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது கொட்டிய சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. நெல் நனையவில்லை. பூபாலன் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். ஷாலினி மட்டும் மழையை மீறிய குரலில், அடுத்த போகத்துக்கு என்ன விதை வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்தாள்.