இருபத்திரண்டாவது ஆள்

"ஏறுங்க! அடுத்த ஆளு ஏறுங்க!" என்று ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கத்தினேன். பின்படியில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு, தேய்ந்துபோன மெட்டி. அவை மேலே ஏறி மறைந்ததும் ஸ்பிரிங் பட்டைகள் முனகின. பதினேழாவது ஆள். என் மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில், வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் ஒரு மைதா உருண்டையை அப்பி வைத்திருந்தேன். அதற்குக் கீழே இரும்பு ஜாயிண்ட். இரண்டுக்கும் நடுவே இன்னும் விடிகாலை வெளிச்சம் தெரிந்தது.

நான் ஊர்க்காவலன். திருத்தங்கல் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு இருபது வருசமாக வண்டிகளுக்கு அடியில் கிடப்பவன். அந்த நீள ஜீப் ஒரு பட்டாசுக் கம்பெனியுடையது. தினமும் காலையில் இருபத்து நாலு பெண்களை அள்ளிக்கொண்டு போகும். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், சிரிப்பு வந்துவிடும். கம்பெனி ஓடைக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்குள் ஆறு கிலோமீட்டர். பஸ் கிடையாது. இரண்டு தூறல் விழுந்தால் போதும், கரிசல் டயரைக் கவ்விக்கொள்ளும். பெண்கள் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள வேண்டும். அந்த வருசம் ஐப்பசி வருவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளில் மூன்று நாள் வண்டி ஓடைக்குள் உட்கார்ந்தது. ஆள் வருவதற்கு ஒன்பது மணி, பத்து மணி ஆனது. மேனேஜர் பாண்டிராஜ் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பட்டாள ஏலத்தில் வந்த ஜோடி ஆக்ஸில்களையும் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் பெட்டியையும் எங்கிருந்தோ பிடித்து வந்து என் கொட்டகையில் இறக்கிவிட்டு, "மூணே நாளு. நாலாம் நாளு ஜீப்பு ஓடையில நீந்தணும்" என்றார்.

சொல்வது லேசு. நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ளே இருக்கிற கியர்ப் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரம் ஒரு பேச்சு பேசும், பின்சக்கரம் ஒரு பேச்சு பேசும், நடுவில் கியர் பெட்டி செத்துப்போகும். அதனால் நன்றாக இருந்த பின் ஆக்ஸிலையும் கழற்றிவிட்டுப் பட்டாளத்து ஆக்ஸிலை மாட்டினேன். மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. புது ஆக்ஸிலின் மூக்கு பழையதைவிட மூன்று விரல் நீளம். மூக்கு நுனியில் சுழலுகிற ஜாயிண்டுக்கு நேர் மேலே குறுக்குச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. காலி வண்டியில் இடைவெளி தாராளம்தான். ஆள் ஏற ஏறப் பட்டை அமுங்கும், ஆக்ஸில் மேலே வரும், பள்ளத்தில் விழுந்து எழும்போது ஜாயிண்ட் சட்டத்தில் தட்டும். தட்டித் தட்டி ஒரு நாள், பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகிற சாஃப்ட் முறியும். முறிந்த சாஃப்ட் சும்மா கிடக்காது, சுழன்ற வேகத்தில் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் காலுக்கு வரும்.

ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைத்து வண்டியைத் தூக்கிவிடலாம். ஆனால் படியும் சேர்ந்து உயரும். முட்டி போன பொம்பளைகள் எப்படி ஏறுவார்கள்? ஓடைச் சரிவில் வண்டி சாயவும் செய்யும். சரியான வழி ஒன்றுதான். குறுக்குச் சட்டத்தை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வில் மாதிரி வளைத்த இரும்பை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் வேலை. பாண்டிராஜ் அண்ணாச்சியிடம் சொன்னேன். "தீவாளிக்கு முப்பத்தஞ்சு நாளுதான் கெடக்கு, ஆர்டரு கழுத்த நெரிக்கி. நீரு வில்லு வளைக்கீரா?" என்று கேட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவருக்குக் கண்ணால் காட்டினால்தான் உறைக்கும் என்று நினைத்தேன். இரண்டு விரல் கனத்துக்கு ஏதாவது ஒன்றைச் சட்டத்தில் அப்பிவிட்டு, ஆட்களை ஒவ்வொருவராக ஏறச் சொல்வது. அதில் ஜாயிண்ட் பட்டுத் தடம் விழுந்தால் அதற்கு மேல் ஆபத்து. களிமண் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். என் அக்கா சண்முகத்தாய்தான், "களிமண்ணு எண்ணெ இரும்புல நிக்காதுலே. மைதாவ இறுக்கிப் பெசஞ்சு தாரேன்" என்று சொல்லி, தூக்குவாளி மூடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் போன பிறகு அக்காவுக்கு எல்லாமே அந்தக் கம்பெனிதான். கம்பி மத்தாப்புப் பிரிவில் பதினேழு வருசம். அந்த ஜீப்பில்தான் அவளும் போவாள்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. இருபத்தொன்று. கோடு நூலானது. அடுத்து வந்த பாதத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை தேய்த்தாலும் போகாமல் அலுமினியப் பவுடர் ஏறிச் சாம்பலாகிப்போன குதிகால் வெடிப்புகள். வலது முட்டி மடங்காது, அதனால் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் வலதைத் தூக்குவாள். இருபத்து நாலு பேரில் மெதுவாக ஏறுகிறவர்கள் மூன்று பேர்தான். அக்கா, அவளுக்குப் பின்னால் முத்துமாரியம்மாள், பத்திரகாளி. மற்றவர்கள் ஏறி முடிக்கட்டும் என்று மூவரும் தினமும் ஒதுங்கி நிற்பார்கள். அக்காவின் முழு எடையும் படியில் விழுந்தது. ஜாயிண்ட் மாவைத் தொட்டது.

"போதும்!" என்று கத்தினேன். எனக்கு அப்போது என்ன சந்தோசம் தெரியுமா! நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டதே. உருண்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பரீட்சைத் தாளை நீட்டுகிறவன் மாதிரி அண்ணாச்சி முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. இருபத்தோரு பேரு வரைக்கும் தாங்குது. இருபத்திரெண்டாவது ஆளு ஏறுனா தொடுது. ஓடையில ஒரு குலுக்கு குலுக்குனா தட்டும். ரெண்டே ரெண்டு நாளு விடுங்க, இருபத்தாறு பேரு போற மாதிரி பண்ணித் தாரேன்."

பாண்டிராஜ் அண்ணாச்சி மாவில் இருந்த தடத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்ற அக்காவைப் பார்த்தார்.

"அப்பம் இருபத்தொண்ணு" என்றார். "மூணு பேரு நின்னுக்கிடுங்க. எறங்குத்தா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய உருண்டையைக் கீழே இறக்கினேன். "அண்ணாச்சி, நான் அதுக்குச் சொல்லல. வேலைய முடிக்கணும்னுதான் சொன்னேன்."

"நீரு எதுக்குச் சொன்னீரோ. சொல்லியாச்சுல்ல? இனிமே இருபத்திரெண்டு பேர ஏத்தி ஏதாச்சும் ஆனா, அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்னு நீருதான் மொத சாட்சி சொல்லுவீரு."

"அப்பம் ரெண்டு நடை அடிக்கச் சொல்லுங்க."

"ரெண்டு நடை அடிச்சா ஏழரைக்குள்ள ஆளு சேருமா? உக்காந்தவுகள எறங்கச் சொன்னா எறங்குவாகளா? நீரே கேட்டுப் பாரும்."

உள்ளே உட்கார்ந்திருந்த இருபத்தொரு பேரும் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய் திறக்க வேண்டுமே! நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் வாயை என்ன செய்வது? இத்தனை வருசம் அந்த வண்டிக்குக் கணக்கே கிடையாது, திணித்தால் திணித்ததுதான். கணக்கில்லாத இடத்தில் ஒரு கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அக்கா படியிலிருந்து காலை எடுத்தாள். இறங்குவதற்கும் அவளுக்கு நேரம் ஆனது.

அடுத்த மூன்று நாளும் அக்கா நடந்து போனாள். முத்துமாரியம்மாளும் பத்திரகாளியும் முதல் நாளே பாதியில் திரும்பிவிட்டார்கள். நாலாம் நாள் நல்ல மழை. ஓடையைத் தாண்டி இவள் போய்ச் சேரும்போது ஒன்பது மணி. கேட்டில் விடவில்லை. அதே ஆறு கிலோமீட்டரைத் திரும்பி நடந்து நேராக என் கொட்டகைக்கு வந்தாள். முழங்கால் வரை கரிசல்.

"நீ போதும்னு கத்தாம இருந்திருந்தா நான் உக்காந்திருப்பேன்லடா" என்றாள்.

"சாஃப்டு முறிஞ்சிருந்தா என்னக்கா செய்வ? காலே போயிருக்கும்."

"இப்பம் மட்டும் காலு இருக்காக்கும்?" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "பதினேழு வருசத்துல தீவாளிக்கு முந்தி நான் வீட்டுல இருந்ததே இல்லலே."

நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அவள் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டினாள். டிரைவர் ஆண்டிச்சாமி மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து என்னைப் புகழ்ந்துவிட்டுப் போவான். "மாமா, ஓடையில முட்டளவு தண்ணி. வண்டி முனங்கணுமே! கையக் குடுங்க மாமா." ஒரு தடவையாவது தட்டித் தொலையக் கூடாதா என்று மனசுக்குள் நினைத்தேன். இருபத்தொரு பெண்கள் உட்கார்ந்திருக்கிற வண்டியைப் பற்றி அப்படி நினைத்தேன். அவ்வளவு கேவலமாகிவிட்டது என் புத்தி.

தீபாவளி முடிந்து கம்பெனியை ஒரு மாதம் அடைத்தார்கள். நானே போய் அண்ணாச்சியைப் பார்த்து ஜீப்பை வாங்கி வந்தேன். இரண்டு நாள் வேலைக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். சட்டத்தை அறுத்து, வில் வளைத்து, இரண்டு பக்கமும் தகடு கொடுத்து வெல்டிங் அடித்தேன். ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் பட்டை சேர்த்தேன். பின்படியை ஒரு சாண் தாழ்த்தினேன். அதை யாரும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. முடித்த கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இருபத்தாறு பேருக்கு எடம் பண்ணிட்டேன்க்கா. நாளைக்குக் கம்பெனி தெறக்காக. தூக்குவாளியோட வந்துரு."

அவள் ஒட்டிக்கொண்டிருந்த கூட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "மாவு வேணுமாலே?" என்றாள்.

மறுநாள் காலை அதே மாதிரி மல்லாந்து கிடந்தேன். அக்கா பிசைந்து கொடுத்த உருண்டையை வில்லின் அடியில் அப்பியிருந்தேன். ஒன்று, இரண்டு என்று பாதங்கள் ஏறின. இருபத்தொன்று வரைக்கும் எனக்குத் தெரிந்த பாதங்கள்தான். அடுத்து படியில் வந்தது ஒரு கொலுசுக் கால். நகத்தில் சிவப்புச் சாயம். ஒரே தாவில் ஏறிவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று.

"யாரு அண்ணாச்சி இது?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

"காரியாபட்டிப் பக்கத்துப் பிள்ளைக. இங்கன சொந்தக்காரவுக வீட்டுல தங்கியிருக்காக" என்று பாண்டிராஜ் அண்ணாச்சியின் குரல் வந்தது. "இருபத்து நாலு. ஆளு சரியாப் போச்சு. தட்டுதாவே?"

"இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்கு அண்ணாச்சி. எங்க அக்கா நிக்கா."

"அது கெடக்கட்டும்யா. சீசன்ல பாப்போம். அந்தம்மாவ ஏத்தி எறக்கவே அஞ்சு நிமிசம் ஆவுது."

படி தாழ்த்தியிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலையைத் திருப்பினேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் தரையில் நின்றுகொண்டிருந்தன. இரண்டு மாதத்தில் வெடிப்புகளிலிருந்து பவுடர் முழுக்கப் போய்விட்டிருந்தது. குதிகால் அத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தூக்குவாளியின் அடிப்பாகம் ஆடாமல் தொங்கியது.

"தடம் விழுந்திருக்காலே?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"எம்புட்டு எடம் இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். ஜாயிண்டுக்கும் மாவுக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு வெயில் வந்துகொண்டிருந்தது. மாவில் அவள் பிசைந்த விரல்தடங்கள் அப்படியே இருந்தன. அந்தப் பாதங்கள் பதிலுக்காக அங்கேயே நின்றன. ஆண்டிச்சாமி, "மாமா, வெளிய வாங்க, வண்டிய எடுக்கணும்" என்று ஹாரனை ஒருமுறை அடித்தான்.