ருசி பார்க்காமல்

மேனேஜர் சூப் கிண்ணத்தை அடுப்பு மேடையில் டங்கென்று வைத்தார். அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த பெரியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களே குடிச்சுப் பாருங்க. வெந்நீர்ல காய் கழுவி ஊத்துன மாதிரி இருக்கு.”

ஒரு வாய் குடித்தாள். “எனக்குக் கரிக்குதே சார்” என்றாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர்.

பெரியக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே கரித்தது. இந்த வம்பெல்லாம் ரத்தப் பரிசோதனையில்தான் ஆரம்பித்தது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு ஏறியிருந்தன. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: “மாத்திரை எழுதுற எல்லையில வந்து நிக்கிறீங்க. மூணு மாசம் பாப்போம். உப்பைக் குறைங்க, சீனிய நிறுத்துங்க, சாப்பிட்டதும் நடங்க. அதுக்கும் இறங்கலேன்னா மாத்திரைதான். அப்ப அடம் பிடிக்கக் கூடாது.” பெரியக்கா ஒத்துக்கொண்டாள். அடம் பிடிப்பதை அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

பயம்தான் காரணம். அவளுடைய அண்ணன் சுவர் பூசுகிற கொத்தனார். உனக்குக் கொதிப்பு இருக்கிறது என்று சொன்னவர்களையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டு திரிந்த மனிதர். ஒரு நாள் காலையில் பூச்சுக் கரண்டியைப் பிடித்தபடியே சாரத்தில் சாய்ந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த வலது கை இன்றைக்கும் மடியில் கிடக்கிறது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அதை அவர் இடது கையால் எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியக்கா தன் வலது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொள்வாள். என் கையை நான் விடமாட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டு வருவாள்.

டீயில் சீனி போடுவது நின்றது. தனக்கென்று எடுத்த சோறும் காயும் உப்பு நீங்கி, கீரையும் எலுமிச்சையுமாக மாறின. வீட்டுக்காரர் முதல் நாள் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, “யார் மேல கோவம் உனக்கு?” என்று கேட்டார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு கேன்டீன் கட்டடத்தைச் சுற்றி நடப்பாள். பேக்கிங் பகுதி ஆட்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துவார்கள்: “பெரியக்கா, யாரு துரத்துறாங்க?”

“எமன்தான்டா. பிடிக்கட்டும் பாப்போம்!”

போன வாரம் டாக்டரம்மா கருவியைப் பார்த்துவிட்டு, இறங்கத் தொடங்கியிருக்கிறது, இப்படியே போகட்டும் என்றார். இறங்கியது கொதிப்பு மட்டுமில்லை. கேன்டீன் சாப்பாட்டின் பேரும் கூடவே இறங்கியிருந்தது.

“நாளைக்கு முதலாளி இங்கதான் சாப்பிடுறார்” என்றார் மேனேஜர். “அவர் முகம் சுளிச்சா நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போய்டுங்க. இவ சமைக்கட்டும். எதுக்குங்க இந்தத் தவம்? நான் தெனமும் மாத்திரை முழுங்கல? ஒண்ணை முழுங்கிட்டு மனுஷங்க மாதிரி சாப்பிடுங்க.”

“உங்க டாக்டர் சொன்னாரு, நீங்க முழுங்குறீங்க. நல்லது. என் டாக்டர் எனக்கு வேற சொல்லியிருக்காங்க. நான் உப்புக்கும் திரும்ப மாட்டேன், ஸ்டோர் ரூமுக்கும் போக மாட்டேன்.”

வீராப்பாகப் பேசிவிட்டாளே தவிர, அன்று சாயந்தரம் பாத்திரம் கவிழ்க்கும்போது கண் கலங்கியது. அடுப்பை விட்டுவிட்டு மூட்டைகளுக்குக் காவல் இருப்பதா? அதற்கு அண்ணன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம்.

மறுநாள் காலை அண்டா கொதித்தது. பெரியக்கா எப்போதும் போல உப்பை அள்ளிப் போட்டாள், ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டாள், முகத்தைச் சுளித்தாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

“நிறுத்துங்கக்கா!” வாயாடி கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “இதைத்தான் தெனமும் பண்றீங்க. கை சரியாத்தான் போடுது. அப்புறம் ருசி பாத்துட்டுத் தண்ணிய ஊத்திக் கெடுக்குறீங்க.”

“ஏன்டி இத்தனை நாளாச் சொல்லல?”

“சொன்னா என் நாக்கையும் சேத்துத் திட்டுவீங்க. இப்ப ஸ்டோர் ரூம்னு வந்துடுச்சு. உங்க இடம் எனக்கு வேணாம்க்கா. அந்த மேனேஜர்கிட்டத் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வேணும்னா நான் ருசி பாத்துச் சொல்லட்டுமா?”

“என் அண்டாவுக்கு அடுத்தவ நாக்கு எதுக்கு?”

பெரியக்கா தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கைக் கோடுகளில் உப்புத் துகள் ஒட்டியிருந்தது. நாக்கு மாறிவிட்டது, அதை அவளேதான் மாற்றினாள். கை மாறவில்லை. அண்ணனின் கையைப் போல மடியில் கிடக்கவும் இல்லை. குடத்தைக் கீழே வைத்தாள். சூப்புக்குப் பிறகு பருப்பு, காய், முட்டை என்று ஒவ்வொன்றிலும் அந்தக் கை போய் வந்தது. கரண்டி ஒரு தடவைகூட அவள் வாய்ப்பக்கம் வரவில்லை. ருசி பார்க்காமல் அண்டாவை இறக்குவது ஆடையில்லாமல் தெருவில் நிற்பது போல இருந்தது. ஆனாலும் இறக்கினாள்.

முதலாளி வருவதற்கு முன்பே தன் உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தாள். அவர் வந்து உட்கார்ந்து முதல் கரண்டி சூப்பை எடுக்கிற நேரத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போறீங்க?” என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

“நடக்க.”

முதல் சுற்றில் ஜன்னல் வழியாக முதலாளியின் முதுகுதான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் அவர் கை மேசை நடுவிலிருந்த உப்புக் கிண்ணத்தை நோக்கி நீண்டது. பெரியக்காவின் காதில் ரத்தம் இரைந்தது. நின்றுவிடலாமா என்று கால்கள் கேட்டன. நிற்காமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கை உப்புக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளியது. காலியான இடத்துக்கு சூப் பாத்திரத்தை இழுத்தது.

மேனேஜர் ஜன்னலுக்கு வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டே, உள்ளே வரும்படி அவளுக்குக் கையாட்டினார். பெரியக்காவும் பதிலுக்குக் கையாட்டினாள், வலது கையை, நன்றாக உயரத் தூக்கி. ஆட்டிக்கொண்டே மூலை திரும்பினாள். அவளுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.