கறுப்பு யானைக்கு முன்னால்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த நடைவழியில்தான் அவன் மேசை கிடந்தது. வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காக வரும் இடம் அது ஒன்றுதான் என்பது அவன் கட்சி. அந்த மேசையைப் போட்ட நாளிலிருந்து அவன் மனைவி துணிக்கூடையோ சாப்பாட்டுத் தட்டோ எதைக் கொண்டு போனாலும் வயிற்றை எக்கி, ஒருக்களித்துத்தான் அவன் நாற்காலியைக் கடக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் நகருங்க" என்பாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியை ஒரு விரற்கடை முன்னால் இழுப்பான். நகர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே அவனுடைய செஸ் புரோகிராம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போக மிஞ்சிய நேரத்திலெல்லாம் உட்கார்ந்து அவனே எழுதியது. ஆபீஸ் நண்பனும் ஒன்று எழுதியிருந்தான். இரண்டையும் மோத விட்டிருந்தார்கள். வெள்ளைக் காய்களோடு ஆடினால் அவனுடையது புலி. கறுப்பு வந்தால் எலி. மறுபடியும் ஒரு ஆட்டம் போனதும் நண்பன் போனில் சிரித்தான்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். உன் யானை சறுக்கறதுக்குன்னே நடக்குதுடா."

யானைதான் அவனுக்குப் பெருமை. புரோகிராமுக்கு ஆட்டம் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். யானை நிற்கும் நேர்வரிசையில் சிப்பாயே இல்லையென்றால் அது திறந்த வரிசை. யானைக்கு இருபத்தைந்து புள்ளி கூடுதல். எதிரியின் சிப்பாய் மட்டும் இருந்தால் அதில் பாதி. சொந்தச் சிப்பாயே முன்னால் நின்றால் ஒன்றும் கிடையாது. இந்த எண்களை மாற்றி மாற்றி இழைத்ததில், திறந்த வழியைக் கண்டால் அவன் யானைகள் விடாது. ஆனால் சோதித்ததெல்லாம் வெள்ளையில்தான். கல்யாணமான புதிதில் மனைவியோடு ஆடும்போதும் வெள்ளை அவனுக்குத்தான். அவள் கேட்டதில்லை, அவன் கொடுத்ததுமில்லை. புரோகிராமுக்கு எதிரே அவளை உட்கார வைத்துச் சோதித்தபோதும், பழக்கதோஷத்தில் கறுப்பை அவள் பக்கம் தள்ளினான்.

துணிக்கூடையோடு வந்தவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். கண்ணாடித் துண்டில் ஒரு துளியைப் பார்த்தே சங்கதி சொல்லிப் பழகிய கண். வேறு ஊரில் திறக்கப்போகும் புதிய லேபுக்குத் தலைமைப் பொறுப்பேற்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "போறதுன்னா போ. வழி திறந்துதானே இருக்கு, நான் என்ன தடுக்கவா போறேன்?" என்று சேதி வந்த அன்றே சொல்லிவிட்டான். சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்றிருந்தான். குழந்தையை யார் பள்ளியில் விடுவது, என் வேலை என்ன ஆவது, உனக்குத்தான் புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதே என்று அதற்கப்புறம் பேசியதையெல்லாம் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் ஏன் இன்னும் பதில் எழுதாமல் நாளைக் கடத்துகிறாள் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"இந்தக் கறுப்பு யானை ஏன் தன்னோட சிப்பாய்க்குப் பின்னாடியே போய்ப் போய் நிக்குது?" என்றாள்.

"வழி திறந்திருக்குன்னு நினைக்குது."

"முன்னாடி ஆள் நிக்கறானே?"

"அது அதுக்குத் தெரியலை."

"நிக்கறவனுக்குமா தெரியாது?" என்றாள். பிறகு, "கொஞ்சம் நகருங்க."

அவள் போனதும் புரோகிராமைத் திறந்து தேடினான். வெள்ளைக்கு எழுதிய வரிகளை அப்படியே நகலெடுத்துக் கறுப்புக்கு ஒட்டி, நிறத்தை மட்டும் மாற்றியிருந்தான். ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போயிருந்தது. சொந்தச் சிப்பாய் உண்டா, எதிரிச் சிப்பாய் உண்டா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டியது, கறுப்பு யானைக்கு முன்னால் வெள்ளைச் சிப்பாய் இருக்கிறதா என்றே இரண்டு தடவையும் பார்த்தது. கறுப்புச் சிப்பாயை ஒரு தடவைகூடத் தேடவில்லை. எதிரி இல்லையென்றால் வழி திறந்தாயிற்று, அவ்வளவுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. மண்ணைத் துதிக்கையில் கொடுத்தவன் இவன்.

ஒரே ஒரு சொல்லை மாற்றி, தோற்ற ஆட்டத்தை நடுவிலிருந்து மறுபடி ஓட விட்டான். கறுப்பு இம்முறை அவசரப்படவில்லை. முதலில் வழியில் நின்ற தன் சிப்பாயை முன்னே தள்ளி வெட்டுக்கொடுத்தது. அப்புறம்தான் யானை அந்த வரிசைக்கு வந்தது. புள்ளி ஏறியது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. தடுப்பவன் என்றால் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனும்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. "அடுத்தது போடலாமாடா?"

"அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தான். ஒயர்களைப் பிடுங்கினான். மேசையைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய், இன்டர்நெட்டே எட்டிப் பார்க்காத படுக்கையறை மூலையில் போட்டான்.

"பதில் அனுப்பிட்டியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"இன்னும் இல்ல."

"வர்றேன்னு எழுதும்மா. அங்க பள்ளிக்கூடம் எல்லாம் நான் விசாரிக்கிறேன்."

சமையலறைப் பக்கமிருந்து வாஷிங் மெஷின் மூடியைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் படுக்கையறை வாசலில் வந்து நின்று பார்த்தான். நடைவழி காலியாகக் கிடந்தது. மேசைக்கால் இருந்த இடங்களில் மட்டும் தரை பளிச்சென்றிருந்தது. அவள் ஈரத்துணிக் கூடையோடு வேகமாக வந்தாள். அந்த இடம் வந்ததும் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். வயிற்றை எக்கி, ஒருக்களித்து, சுவரை உரசிக்கொண்டே அதைக் கடந்து போனாள்.