ராம்பரி எழுதிய சுவர்

எங்கள் மிதிலைப் பக்கம் மணமக்கள் முதல் நான்கு இரவு தங்கும் அறைக்குக் கோபர் என்று பெயர். அதன் கிழக்குச் சுவரில் மூங்கிலும் தாமரையும் எழுதியாக வேண்டும். மூங்கில் அவன், தாமரை அவள். சுவரில் அவை தழைத்தால்தான் வம்சம் தழைக்கும். அதை ராம்பரியைப் போல எழுத மதுபனி வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் முப்பத்திரண்டு வயதில் புருஷனை இழந்து தம்பி உபேந்திரன் வீட்டுக்கு வந்த பிறகு, பதினான்கு வருஷமாக எந்தக் கோபர் வாசலையும் அவள் மிதிக்கவில்லை. விதவையின் கை அந்தச் சுவரில் படக் கூடாது.

தம்பி மகள் நூதனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எழுத வந்த பெண் மூங்கிலைக் கரும்பு மாதிரி இழுத்து வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோ கை தேர்ந்தவர்கள். மாப்பிள்ளை ஊருக்குப் போய் அவர்களிடம் என்ன சொல்வானோ என்று தம்பி பெண்டாட்டி பாக்யவதிக்குப் பயம். ராம்பரியிடம் வந்தாள்.

"அக்கா, கதவச் சாத்திக்கிட்டு நீங்களே எழுதிடுங்க. கடைசிப் பொட்டு மட்டும் நான் வெச்சிடறேன்."

"நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விடியும், பாக்யவதி."

"நான் இருக்கேன்ல அக்கா."

உபேந்திரனே கடைக்குப் போய்ச் சாயம் வாங்கி வந்தான். நூதன் கரைத்துக் கொடுத்தாள். ராம்பரி அந்தப் பெண் எழுதியதைச் சாணமிட்டு மெழுகி மறைத்து, இரண்டு நாள் எழுதினாள். தாமரை இலைகளுக்கு நடுவே தண்டு ஏறியது, மூங்கில் தோப்பில் கிளிகள் உட்கார்ந்தன. அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு நினைப்பே அவளுக்கு இல்லை. கல்யாணத்தன்று பெண்கள் அறைக்குள் பாட, அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாக்யவதியின் கைத்திறனை எல்லாரும் மெச்சுவது அங்கே கேட்டது.

பதினோராம் மாதம், ஜஞ்ஜார்பூர் சாலையில் ஒரு லாரி மாப்பிள்ளையை அடித்துப் போட்டது.

காரியம் முடிந்து நூதனைக் கொண்டுவந்து விட்டார்கள். கூட வந்த மாமியார் நேரே கேட்டாள், கோபர் எழுதியது யார் கை என்று. பாக்யவதி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "நாங்க அசந்த நேரத்துல இவங்க உள்ள போயி எழுதியிருக்காங்க. எங்களுக்குப் பொறவுதான் தெரியும்."

ராம்பரி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நூதனைப் பார்த்தாள்.

"அத்தைதான் எழுதினாங்க" என்றாள் நூதன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ராம்பரி அழவில்லை. "என் கல்யாணத்துக்குச் சுவரு எழுதினது எங்கம்மா. அஞ்சு பெத்தவ, குங்குமத்தோட போய்ச் சேர்ந்தவ. எம்புருஷன் செத்தப்போ எந்தக் கையைக் குத்தம் சொன்னீங்க?"

மறுநாள் பாக்யவதி அந்தச் சுவரைச் சாணத்தால் பூசி மறைத்தாள். ராம்பரி துணி மூட்டையோடு மதுபனிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஒற்றை அறையில் இருந்துகொண்டு வியாபாரிகளுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மீன், ஆமை, யானை எது கேட்டாலும் உண்டு. அவர்கள் அதிகம் கேட்டது மூங்கிலும் தாமரையும்தான். பட்டணத்துக்காரர்கள் படுக்கையறையில் மாட்டிக்கொள்வார்களாம். அதை மட்டும் அவள் எழுதவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நூதன் வந்தாள். வெள்ளைச் சேலை. தரையில் உட்கார்ந்து சொன்னாள்:

"தங்கச்சிக்குக் கல்யாணம் அத்தை. நீங்க தாள்ல எழுதித் தந்தா, பாத்து வேற யாராச்சும் சுவத்துல எழுதிக்குவாங்களாம். அம்மா கேக்கச் சொன்னாங்க."

"என் கை தாள்ல பட்டா தோஷமில்லையாமா?"

நூதன் தரையில் காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா என்னை எங்க போகச் சொல்றீங்க?"

அது உண்மைதான் என்று ராம்பரிக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசு இளகவில்லை. அவலும் தயிரும் எடுத்து வைத்தாள். நூதன் இரண்டு வாய் தின்றாள். கடைசி பஸ்ஸுக்கு வெறுங்கையோடு போனாள்.